ஆவாரம்பூவும் நான் சொல்லாமல் விட்டதும்

வேலூருக்கு வந்து ஆறு வருடமாகியும் ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. இந்த ஊர்க்காரர்கள் மூத்திரத்தை மரியாதையோடு கொண்டுவருகிறார்கள். நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் சொம்புகள் வரிசையாக நிற்கும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பு, வாயில் வாழையிலைத் துண்டு, அதைச் சுற்றி நூல் கட்டு. சாயபுமார் வீடுகளிலிருந்து பழைய அத்தர்க் குப்பிகளில் வரும். யாழ்ப்பாணத்தில் நம்மவர்கள் இதை வைத்தியரிடம் கொண்டுபோவதென்றால் சால்வைக்குள் ஒளித்து, ஒழுங்கையில் ஆள் வராத நேரம் பார்த்துத்தான் நடப்பார்கள். இங்கே சொம்பைத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, மிஞ்சினால் செங்கல் நிறத்துக்குப் போகும். பின்னால் நிற்கிற கூட்டம், "பச்சை சார், பச்சைதான்!" என்று எனக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிடும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போலக் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்களுக்கும் ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். நான் நல்லவன் என்று காட்டுவதற்கு இதில் எதுவும் இல்லை.

நாம் சலரோகம் என்பதை இங்கே சர்க்கரை வியாதி என்கிறார்கள். எங்கள் வெள்ளைக்கார டாக்டரம்மா கப்பலிறங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கொண்டுவந்த புத்தகத்தில் சர்க்கரை வியாதிக்காரர் எந்த நேரத்தில் எத்தனை அவுன்ஸ் ரொட்டி, வெண்ணெய், கோசுக்கீரை சாப்பிடலாம் என்று கணக்காக அச்சிட்டிருந்தது. களி என்ற சொல்லே அதில் கிடையாது. களி தின்பவனுக்கும் சோறு தின்பவனுக்கும் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று நாமே பார்த்து எழுதினால்தான் உண்டு என்று அந்த அம்மாள் பிடிவாதமாக இருந்தார். எழுதும் வேலை அவருக்கு, நிறுக்கும் வேலை எனக்கு. ஒரு சின்னத் தராசையும் நோட்டுப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி ஆம்பூருக்குப் போவேன். போகும் வழியில் பாலாற்றைக் கடக்க வேண்டும். ஆறே இல்லாத ஊரிலிருந்து வந்தவன் நான். முதல் நாள் ஆசையோடு எட்டிப் பார்த்தேன். அன்றும் மணல்தான், இன்றும் மணல்தான்.

ஆம்பூரில் முனுசாமி ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கொட்டகையில், மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைக் குழியிலும் ஊறி ஊறி அவருடைய கை முழங்கை வரை சிவந்து கிடக்கும். அவருடைய ஒரே மகள் தனத்துக்குப் பதினைந்து வயது. எலும்பும் தோலுமாக எங்கள் வார்டுக்கு வந்த பெண். இன்சுலின் என்ற புது ஊசிமருந்து ஏறியதும் கன்னம் உப்பி, வாய் கிழியப் பேச ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு அனுப்புமுன் ஊசி போடும் விதத்தை டாக்டரம்மா முனுசாமிக்கே கற்றுக்கொடுத்தார். தோலோடு பழகிய கை. இரண்டாவது தடவையிலேயே எங்கள் நர்சுகளைவிட நன்றாகப் போட்டார். மருந்து மாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து எடுப்பது என்று நான் விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்க இங்கேர்ந்து தோலை அனுப்புறோம், அவங்க அங்கேர்ந்து வயித்தை அனுப்புறாங்களா? நல்ல யாவாரம் சார் இது!"

வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய்த் தனத்தின் தட்டை நிறுப்பேன். மருந்துக் குப்பி ஈரமணல் பானைக்குள் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலில் கூடிவிடுவார்கள். சோற்றைத் தராசில் போடும் ஆம்பிளையை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. யாரோ வரி போட வந்த ஆள் என்று ஒரு கிழவர் சண்டைக்கே வந்துவிட்டார். தனம் எனக்குத் 'தராசு சார்' என்று பெயர் வைத்திருந்தாள்.

"தராசு சார், இந்தக் களி எனக்கா, காக்காய்க்கா?"

"உமக்குத்தான். அளவு அவ்வளவுதான்."

"உங்க ஊர்ல யாருக்கும் பசிக்கவே பசிக்காதா சார்?"

அவளுக்கு எந்நேரமும் பசி. தாய் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். கையில் சோறு இருக்கும்போது பிள்ளையைப் பசியோடு எழுப்புவது எந்த ஊர் வைத்தியம் என்று அந்தத் தாய் ஒருநாள் கேட்டாள். நான் டாக்டரம்மாவின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு நோட்டுப் புத்தகத்தைக் காட்டிய மடையன் நான்.

ஒரு நாள் முனுசாமி என்னைத் தோல் ஷாப்பைப் பார்க்க அழைத்துப் போனார். நாற்றம் வாசலிலேயே எதிர்கொண்டது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தவன், கொட்டகைக்குப் பின்னால் போனதும் நின்றுவிட்டேன். தோலைப் பதனிட ஆள் உயரத்துக்கு ஆவாரம் பட்டை குவித்திருந்தது. ஆலங்காயம் பக்கத்திலிருந்து அன்றுதான் வந்திறங்கிய கட்டுகள். சில குச்சிகளில் மஞ்சள் பூ வாடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருடத்தில் ஊர் என் முன்னால் வந்து நின்றது அன்றுதான்.

"இது எங்கட ஆவரசு! எங்கட பெரியம்மா விடிய எழும்பின உடன இந்தப் பூவைத்தான் அவிச்சுக் குடிக்கிறவ. சலரோகத்துக்கு இதைவிட மருந்து கிடையாது எண்டு எங்கட ஊரில சொல்லுவினம்."

"கேக்குமா சார்?"

"கேக்கும்," என்றேன்.

வைத்தியம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஊர்ப் பெருமை அடித்தேன், அவ்வளவுதான். இங்கே வந்த நாளாய் எங்கள் ஊர்க் கிணறு, எங்கள் ஊர் மாம்பழம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தவன் நான். அன்றைக்கு ஆவரசையும் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். ஆனால் கேட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து தராசோடு வரும் மனிதன் சொன்னதாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அதற்கடுத்த வாரம் ரயிலேறும் முன்பே தனம் எங்களிடம் வந்துவிட்டாள். காட்பாடியிலிருந்து மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். நினைவு இல்லை. மூச்சு ஆழமாக இழுத்து இழுத்து வந்தது. அதில் அழுகிய பழத்தின் வாடை. அவளுடைய சொட்டுகளை நான்தான் காய்ச்சினேன். பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஊசியை ஏன் நிறுத்தினார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். முனுசாமி ஒளிக்காமல் சொன்னார். "நீங்க சொன்னீங்கல்ல சார், ஆவாரம்பூ கேக்கும்னு. பூவே கேக்கும்னா பட்டை இன்னும் ஜாஸ்தி கேக்கும்ல? அழுகிப்போற தோலையே கெட்டியாக்குற பட்டை சார் அது, எம் பொண்ணு ஒடம்பை நிறுத்தாதா? ரெண்டு வேளையும் கஷாயம் வச்சுக் குடுத்தேன். ஊசிக்குக் கொழந்தை அழுவுது, அந்தப் பேஜாரு வேணாம்னு உட்டுட்டேன்."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் இங்கிலீஷில், "யாரோ நாட்டு மருந்து சொன்னார்களாம்" என்றேன். யாரோ. என் இங்கிலீஷைப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தந்தார்கள். அதை நான் பயன்படுத்திய விதம் இது.

இரண்டு நாள் பார்த்தோம். அந்த இரண்டு நாளும் வார்டில் என் நினைவில் நின்றது பெரியம்மாதான். அவர் ஆவரசம்பூ குடித்தது உண்மை. ஒரு நாள் தவறாமல் குடித்தார். முதலில் கால்விரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. பிறகு கண் மங்கிற்று. கடைசியில் என்னை என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரியம்மா செத்துப்போனார். பட்டைக் குவியலுக்கு முன்னால் நின்றபோது இதில் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பிழைக்க வந்த இடத்தில் ஊரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இப்படித்தான் நல்ல பாதியை மட்டும் பேசுகிறோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் தனம் இறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்து முனுசாமி வந்தார். ஊசியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மிச்சமிருந்த மருந்தையும் மேசைமேல் வைத்தார். வேறு பிள்ளைக்கு ஆகட்டும் என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். நான் பட்டையைக் குடுத்தது தப்பு. நீங்க பூவுன்னுதான் சொன்னீங்க. பூவையே குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

ஆமென்று சொல்லியிருந்தால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். பேசாமல் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஏற்கெனவே ஒருமுறை அப்படித் தப்பித்திருந்தேன்.

"இல்லை. பூ குடுத்திருந்தாலும் தப்பியிராள். ஊசி ஒண்டுதான் அவளை வச்சிருந்தது. பூ கேக்கும் எண்டு நான் சொன்னது பிழை."

"அப்போ உங்க பெரிம்மா?"

"செத்துப் போனா. அந்தச் சலரோக வருத்தத்திலதான் செத்தவ."

 திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல சார்," என்றார். குரலை உயர்த்தவில்லை. போய்விட்டார்.

அன்று பிற்பகலே டாக்டரம்மாவிடம் அந்த 'யாரோ' நான்தான் என்று சொன்னேன்.  இனி யார் வீட்டுக்கும் தனியாகப் போக வேண்டாம் என்றார். அது நியாயம்தான். தராசு அலமாரியில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் தனத்தின் பக்கம் பாதியோடு நிற்கிறது. அதற்குப் பிறகு வேறு பெயர்கள் வந்துவிட்டன.

வீட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வருகிற சித்திரைக்காவது லீவு எடுத்து வா, தனுஷ்கோடி வரை வந்துவிட்டால் மிச்சம் ஒரு நாள் பயணம்தானே என்று எழுதியிருக்கிறார்கள். போனால் அங்கே எல்லோரும் வேலூர் எப்படி என்று கேட்பார்கள். கோட்டை, அகழி, பெரிய ஆஸ்பத்திரி என்று நல்ல பாதியைச் சொல்ல வாய் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னும் பதில் போடவில்லை.

நேற்று காலையில் குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர் தன் சொம்போடு வந்து பக்கத்திலேயே நின்றார். நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே, "இன்னா சார், உங்க ஊர்ல இதுக்கு இன்னா குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"எனக்கு ஊர் எண்டு ஒண்டும் இல்லை, ஐயா," என்றேன்.

என் பேச்சைக் கேட்டதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அட, சிலோனா சார் நீங்க?"