மேஜருக்குத் தூக்கம் வரவில்லை

சண்முகசுந்தரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் முதல் நாலு நாளும் நினைத்தேன். அச்சன்புதூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் இருமினாலே எனக்குக் கேட்கும். அவள் தூக்கி வந்த நாய்க்குட்டி விடிய விடிய ஊளையிட்டால் கேட்காமல் போகுமா? நான் தோசை மாவு அரைத்து விற்கிறவள். மூன்று மணிக்கெல்லாம் எழுந்திருக்க வேண்டும். தூங்கினால்தானே எழுந்திருக்க!

சுந்தரி தென்காசியில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துப் பித்தான் தைக்கிறாள். நாற்பது வயது. புருஷன் சொரிமுத்து ராணுவத்தில் ஹவில்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். பிள்ளை இல்லை. அதைச் சொல்லி யாரிடமும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. குற்றாலத்தில் சீசன் முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மெயினருவிக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடைச் சாக்குக்கடியில் இந்தக் குட்டி கிடந்திருக்கிறது. தாய் வேனில் அடிபட்டுச் செத்துவிட்டதாம். இவள் பைக்குள் போட்டுத் தூக்கி வந்துவிட்டாள். பேர் மேஜர். புருஷனுக்குக் கிடைக்காத பதவி நாய்க்குட்டிக்கு!

"எதுக்குட்டி உனக்கு இந்த வேண்டாத வேலை?" என்றேன்.

"வீட்டுக்குள்ள என்னயத் தவிர மூச்சு விடுத ஒரு உசிரு வேணும்க்கா" என்றாள்.

மேஜர் தூங்கவே இல்லை. ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை. கண்ணைச் சொருகும், அடுத்த நொடி திடுக்கிட்டு எழுந்து கத்தும். பால் வைத்தால் இரண்டு நக்கு, அவ்வளவுதான். சுந்தரி தன் பழைய நைட்டியை விரித்துப் பார்த்தாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். பிறகு, சத்தம்தான் அதைப் பயமுறுத்துகிறது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். டிவி நின்றது, ஃபேன் நின்றது. விசில் கேட்கக் கூடாதென்று குக்கரை எடுத்து மேலே வைத்துவிட்டுச் சோற்றைப் பானையில் வடித்தாள். கடைசியில் என்னிடமே வந்து நின்றாள்.

"பேச்சியக்கா, ரெண்டு நாளைக்குக் கிரைண்டரப் போடாம இருக்கீங்களா? குட்டி பயப்படுது."

எனக்கு வந்ததே கோபம்! "ஏட்டி, உன் நாய் தூங்கணும்னு நான் பொழப்ப விட்டுட்டு உக்காரவா?" என்று கத்தினேன். ஆனால் அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. திட்டிக்கொண்டே கிளம்பிப் போய் அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டில் மாவை அரைத்தேன். எங்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போனது. மேஜர் முன்னைவிட அதிகமாகக் கத்தியது.

ஏழாம் நாள் மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "தூங்காம, திங்காம இருந்தா இன்னும் ரெண்டு நாள் தாங்காதும்மா" என்றார். சுந்தரிக்குக் கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. அவளும்தானே ஏழு நாளாகத் தூங்கவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன்: "எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுருட்டி. உன் கையில செத்தா நீ தாங்க மாட்ட."

மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். குட்டி அவள் மடியில் துவண்டு கிடந்தது. பிரேக் போடும்போதெல்லாம் திடுக்கிட்டு விழித்தது. குற்றாலம் போய்ச் சேரும்வரை சுந்தரி அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அங்கே பாதிக் கடைகள் தார்ப்பாய் கட்டிக் கிடந்தன. அருவியில் சுமாராகத் தண்ணீர் விழுந்தது. பழக்கடை இருந்த இடத்தில் குட்டியை இறக்கினாள். அது இரண்டு அடி நடந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பொத்தென்று விழுந்தது. அசைவே இல்லை.

"யக்கா, போயிட்டுக்கா!" என்று சுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். குனிந்து பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. லேசாகக் குறட்டை வேறு!

எதிர் டீக்கடை குத்தாலிங்கம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அது தூங்குது தாயி. பொறந்ததுலருந்து இந்த அருவி எரைச்சலுக்குள்ளதான கெடந்துச்சு. கடைய அடச்சிட்டு ஊருக்குப் போனா எனக்கே நாலு நாளு தூக்கம் வராது. நீங்க எங்கன கொண்டு வச்சிருந்தீங்க?"

பாவி மக்கா! ஒவ்வொரு சத்தமாகத் தேடித் தேடி நிறுத்தியது நாங்கள்தானே. சின்னப் பிள்ளையிலிருந்து இந்த அருவிக்கு வந்து போகிறோம். அந்த இரைச்சலை ஒரு சத்தமாகவே நாங்கள் நினைத்ததில்லை.

அங்கேயே விட்டுவிடலாம் என்றால், பெரிய நாய்கள் மூன்று உறுமிக்கொண்டு வந்தன. குட்டி விழித்து நடுங்கியது. சுந்தரி வாரி எடுத்துக்கொண்டாள். "குடுக்க மாட்டேன்க்கா. சாவுறதா இருந்தாலும் எங்கிட்டயே சாவட்டும்."

"சாவ விட்டுருவனா? எங்கிட்ட கிரைண்டர் இருக்குட்டி, வா" என்றேன்.

வீடு வந்து சேர்ந்ததும் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பாம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருமாம். அப்போது மணி பன்னிரண்டு.

சுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேஜருக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஷோ..." என்று வாயாலேயே இரைய ஆரம்பித்தாள். குட்டியின் காது அசைந்தது. மூச்சு இழுத்தாள், மறுபடி இரைந்தாள். மெல்ல அதன் கண் மூடியது. நிறுத்தினால் உடனே திறந்தது. கால் மணி நேரத்தில் அவள் தொண்டை கட்டிப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"தள்ளுட்டி" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆரம்பித்தேன். தெருவில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! எனக்கென்ன வந்தது? மேஜர் கண்ணை மூடியது. சுந்தரி அதை அணைத்தபடி சுவரோரமாகச் சரிந்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அவளும் தூங்கிப்போனாள். இரண்டு உசிருக்கும் மூச்சு ஒன்றுபோல ஏறி இறங்கியது. ஐந்து மணிக்குக் கரண்ட் வருகிறவரை நான் நிறுத்தவில்லை.