பதினேழாம் கேள்விக்கு நான் தட்டிய ‘நோ’

1. முதல் நாள்

காதர் பாயின் டிராவல்ஸில் சேர்ந்த அன்று அவர் என்னை டைப்ரைட்டர் பக்கமே விடவில்லை. நிரப்பாத விசா ஃபாரம் ஒன்றைக் கொடுத்து, “சத்தமாப் படிடா. ஒரு கேள்வியக்கூட விடக் கூடாது” என்றார். நான்கு பக்கங்களையும் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

“வர்றவங்களுக்கும் இதே மாதிரி படிச்சுக் காட்டணும். தமிழ்ல சொல்லணும். அவங்க பதில் சொன்னப்புறம்தான் உன் விரல் மெஷின்ல படணும். புரியுதா?”

“புரியுதுங்க பாய்.”

புரிந்துதான் இருந்தது. என் அப்பா காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் வேலை செய்பவர், எதற்கும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது நல்ல வேலை என்று நினைத்துத்தான் கோயமுத்தூருக்கு வந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுவது சிரமமாக இருக்கிறது.

2. என் சுறுசுறுப்பு

எட்டு மாதத்தில் எனக்கு ஒன்று தெரிந்துபோனது. பதினான்காம் கேள்வி முதல் இருபத்தொன்று வரை எல்லோருக்கும் ஒரே பதில். தொற்றுநோய் உண்டா? நாடு கடத்தப்பட்டதுண்டா? எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றதுண்டா? எல்லாவற்றுக்கும் ‘நோ’. ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டு, அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்ப்பானேன்? கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன்பே, கட்டாக இருக்கும் ஃபாரங்களில் அந்த எட்டு ‘நோ’வையும் வரிசையாகத் தட்டி வைத்துவிடுவேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருக்கும். ஃபாரத்தை வேறு யாராவது நிரப்பியிருந்தால் அவர் பெயர், கையெழுத்து. அதில் ஒரு கோடு போட்டுவிடுவேன். எங்கள் வீதியில் இந்த வேலை செய்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

“நம்ம பையன் விரல்ல மோட்டார் மாட்டியிருக்கான்” என்று பாய் வருகிறவர்களிடம் சொல்வார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3. ஆறுச்சாமி அண்ணன்

ஸ்பின்னிங் மில்லில் பத்தொன்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர் ஆறுச்சாமி அண்ணன். மில் மூடி இரண்டு வருடமாகியிருந்தது. அங்கே அவருக்கு மேலே இருந்த பழைய மாஸ்டர் ஒருவர் வெளிநாட்டு மில் ஒன்றில் சொல்லி வைத்து வேலைக்குக் கடிதம் வாங்கி அனுப்பியிருந்தார். மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

“சத்தத்தக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிப்போடுவேனுங்க தம்பி. இப்ப கல்யாண மண்டபத்துல செருப்புக்குக் காவல் இருக்கறேன்” என்றார்.

கூட வந்திருந்த அவர் மனைவி சிரித்தார். “அங்கெல்லாம் ஸ்வெட்டர் போடோணுமாமா. இவரு பனியன் போடறதுக்கே நான் பின்னாலயே தொரத்தோணும்.”

பெயர், முகவரி, வேலை எல்லாம் தட்டினேன். எட்டு ‘நோ’க்களைத் தாண்டி ஃபாரத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

“ஏனுங் தம்பி, ஒண்ணு சொல்லோணுங்க. நான் ஒருக்கா கோர்ட்டுல ஃபைன் கட்டியிருக்கறேனுங்க.”

“எதுக்குங்கண்ணா?”

“சேவச் சண்டை கேசுங்க. சண்டை உட்டது மொதலாளியோட அக்கா பையன். ஸ்டேஷன்ல கணக்குக்கு ஒரு பேரு வேணும்னாங்களாம். சூப்பர்வைசர் ஊட்டுக்கு வந்து, ‘உன்ற பேரக் குடு ஆறு, அரை நாள் சோலி’ன்னாரு. போயி நின்னு, ஆமாங்க ஒத்துக்கறேனுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.”

“இவரு சேவச் சண்டைக்குப் போறாராமா!” என்றார் அவர் மனைவி. “ஊட்டுல கோழி அறுக்கோணும்னாலே பக்கத்து ஊட்டுக்காரரத்தான் கூப்பிடோணும். ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட்டுருவாரு.”

ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதினேழாம் கேள்வி, குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா என்பது. அதற்கு எதிரே காலையில் நான் தட்டி வைத்த ‘நோ’. வைட்னர் போட்டால் ஃபாரத்தை வாங்கமாட்டார்கள். கட்டில் அதுதான் கடைசி. புது ஃபாரம் மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அன்று வியாழன். மெட்ராஸ் தூதரகத்தில் இன்டர்வியூ திங்கள்கிழமை.

அப்போது எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. செய்யாத குற்றம்தானே?

“அது உங்க குத்தமே இல்லீங்கண்ணா. இல்லைன்னு போட்டிருக்கறதே சரிதானுங்க.”

“அப்படீங்களா? படிச்சவிங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்று தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பத்தடி தூரத்தில் பாய் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் காலையிலேயே தட்டி வைக்கும் விஷயம் வெளியே வந்துவிடும். நான் கேட்காததற்கு அது ஒன்றுதான் காரணம்.

படியிறங்கும்போது, எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். “எதுக்கும் ஊட்டுல இருக்கற பேப்பர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்கண்ணா.”

4. செவ்வாய்க்கிழமை

ஆறுச்சாமி அண்ணன் ரயிலிலிருந்து இறங்கி நேராக எங்கள் மாடி ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“பேப்பரையெல்லாம் கவரோட குடுங்கன்னாங்க. குடுத்தேனுங்க. ஃபைன் ரசீதும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. இதென்னன்னு தமிழ்ல கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன். அப்ப ஃபாரத்துல ஏன் இல்லைன்னு போட்டீங்கன்னாங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க.”

“அப்புறம்?”

“யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. நானேதானுங்கன்னுட்டேன்.”

“ஏனுங்கண்ணா அப்படிச் சொன்னீங்க?”

“எழுதுனவிங்க பேரு போடற எடம்னு காட்டுனாங்க. அங்க நீங்க கோடுதானுங்க போட்டிருந்தீங்க. பேரு வெளிய வர வேண்டாம்னு நெனச்சிருப்பீங்கன்னு…” என்று நிறுத்தினார். “அதுக்கப்புறம் ஒரு பேப்பரக் குடுத்து, இங்கிலீசுல நாலு வார்த்தை எழுதுங்கன்னாங்க தம்பி.”

பாய் அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். சேவல் சண்டையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பொய்த் தகவல் கொடுத்ததால் மறுக்கப்படுகிறது என்று மட்டும் இருந்தது.

அவர் போன பிறகு பாய் என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் தட்டி வைப்பதையும் சேர்த்து.

“டேய், ‘யெஸ்’னு போட்டு, நடந்தத மூணு வரியில எழுதி, ரசீதுக்கு ஒரு நகல் வெச்சிருந்தா முடிஞ்சுதுடா. இத விடப் பெரிய கேசு வெச்சிருந்தவனையெல்லாம் நான் அப்படி அனுப்பியிருக்கேன். சின்னத் தப்புக்கு அவங்க மறுக்க மாட்டாங்க. மறைச்சாத்தான் மறுப்பாங்க. ஃபாரம் இல்லைன்னா நான் ராத்திரி பஸ்ஸப் புடிச்சாவது வாங்கிட்டு வந்திருப்பேனே!”

தவறு என்னுடையது என்று தூதரகத்துக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: ஃபாரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. அதற்குள் மாதக் கடைசி தாண்டிவிட்டது. மாஸ்டரிடமிருந்து, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆறுச்சாமி அண்ணன் இனி எப்போது விண்ணப்பித்தாலும், இதற்கு முன் மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ‘யெஸ்’ போட வேண்டும்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். “போனா எல்லாம் சரியாயிருமா? உக்காந்து டைப் பண்ணு” என்றார் பாய்.

5. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டுங்கள். பதில் அவர்கள் வாயிலிருந்து வரட்டும். குற்றம் செய்தாரா என்று தீர்ப்புச் சொல்ல நம்மை வைக்கவில்லை; கோர்ட்டில் தண்டனை பெற்றாரா என்பதுதான் கேள்வி. பெற்றிருந்தால் எழுதுங்கள். ஏன் பெற்றார் என்பதையும் எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். நான் இப்போது போடுகிறேன். ஆறுச்சாமி அண்ணனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

போன மாதம் எங்கள் வீதிக்காரர் ஒருவரின் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் கழற்றிய செருப்பை, தடுக்கத் தடுக்கக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

“வாங்க தம்பி. என்னால உங்களுக்கு ஆபீசுல ஒண்ணும் தொந்தரவு வரலீங்களே?”

“இல்லீங்கண்ணா” என்றேன்.