ஒன்பது மொட்டு

காரோடு ஊரில் பிரேமகுமாரி மாமி கந்தராஜன் செடி விற்பவர். நர்சரிகளில் இதையே கார்டீனியா என்பார்கள். தரையில் ஆளுயரம் வளர்ந்து அடுக்குப்பூ பூப்பது, சட்டிக்குள் குட்டையாகப் படர்வது, இலையோரம் வெள்ளை ஓடியது என்று மூன்று வகை வைத்திருக்கிறார். வாங்குகிறவர்களிடம் ஒரே உபதேசம்தான்: மொட்டு வந்தபின் சட்டியைத் திருப்பினால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

மாமியின் கழுத்தில் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியோ, குட்டைச்செடியின் ஒன்பது மொட்டும் விரிந்தால்தான் போவேன் என்று மனதில் குறி வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை நான் போனபோது ஒன்பதும் மஞ்சளித்து மண்ணில் கிடந்தன.

"கண்டியா மக்கா? ஒண்ணுகூட விரியல்ல. நான் போகமாட்டேன்."

ஊரில் எது கெட்டாலும் என் பெயர்தான் முதலில் வரும். கோழிக்குச் சாயம் பூசியவள், கோயில் மைக்கில் கழுதையாகக் கத்தியவள் நான். அந்தப் பெயர் ஒருநாளாவது உதவட்டுமே.

"மாமி, நானாக்கும் சட்டியத் திருப்பி வச்சது. சும்மா, விளையாட்டுக்கு."

"எட்டி பெருச்சாளி! என் உயிரே போச்சுன்னுல்லா இருந்தேன்!" துடைப்பத்தால் முதுகில் இரண்டு விழுந்தது. பிறகு மாமி உள்ளே போய், ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைக்கத் தொடங்கினார். பாட்டுகூட வந்தது.

நான் அந்தச் சட்டியை மெல்ல அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. அதை யாராலும் திருப்பியிருக்க முடியாது.

மாமி வெளியே வருவதற்குள் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன்.