எழுந்து நின்ற கிரீம்

கொச்சியில், காக்கநாட்டுப் பெரிய கடையொன்றின் குளிர்பெட்டிக்கு முன்னால் நேற்று மலைத்துப்போய் நின்றேன். மகள் வாங்கிவரச் சொன்னது ஒரே ஒரு கிரீம். அங்கே வரிசையாக இருபத்தைந்து சதவீதக் கொழுப்பு, முப்பத்தைந்து, அதற்கும் மேலே! கதவைத் திறந்தேன். அந்தக் குளிர் முகத்தில் அடித்ததும் நான் சின்ன வயது மட்டாஞ்சேரி வீட்டுக்கே போய்விட்டேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் வீட்டில் கிரீம் என்றால் அத்தாவின் சாயாவில் மிதக்கும் பாலாடை; எங்கள் ஞானம் அவ்வளவுதான். ஜமீலா அக்காவுக்கோ கேக் பைத்தியம். எர்ணாகுளத்து பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த கிரீம் கேக்கைத் தானும் செய்து விற்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மிளகுத் தரகரான அத்தா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை விருந்துக்கு ஒண்ணு செஞ்சு காட்டு. நல்லா வந்தா ஓவன் வாங்கித் தர்றேன். இல்லேன்னா வந்திருக்கிற மாப்பிள்ளையப் பேசி முடிச்சிருவேன்."

அக்கா டப்பாக் கிரீம் வாங்கி அடித்தாள். நானும் கைமாற்றி அடித்தேன். கை கழன்றதுதான் மிச்சம். அது மோராட்டம் கிடந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துத் தெருவில் எருமைக் கொட்டில் வைத்திருந்த குஜராத்தி வீட்டு ஹன்சா, அக்காவின் தோழி. எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதுல கொழுப்பு போராதுடி. எங்க மெஷின்ல கட்டியா எடுக்கலாம், வா."

அந்த மெஷினைச் சொல்லியே ஆகவேண்டும். மேலே பாலை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு மூக்கில் கொழுப்பெடுத்த பால், இன்னொன்றில் கிரீம். உள்ளே ஒரு சின்னத் திருகாணி. அதை ஒருபக்கம் திருகினால் பழத்தின் மேல் ஊற்றுகிற மாதிரி இளசாக வரும். மறுபக்கம் திருகினால் கரண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதே எருமை, அதே பால்! நான் வாயைப் பிளந்து நின்றேன்.

இறால் கம்பெனிக்குப் போகிற ஐஸ் பாளத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவி, அதன்மேல் பாத்திரத்தை வைத்தோம். அக்கா அடித்தாள். முதலில் நுரைத்தது. பிறகு கோடு விழுந்தது. அப்புறம், அல்லாவே, எழுந்து நின்றது! அந்தப் புழுக்கத்தில், வெள்ளைவெளேரென்று, தன் காலிலேயே நின்றது. சந்தோஷத்தில் அக்கா கையை நிறுத்தவில்லை. ஹன்சா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மதி, மதி!" என்று மலையாளத்தில் கத்தினாள். "போதும், நிறுத்துடி, வெண்ணெயாயிரும்!"

விருந்தில் அத்தா கேக்கைத் தின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரலையும் நக்கினார். பிறகு அம்மாவிடம், "மாப்பிள்ளை வீட்ல இப்ப வேணாம்னு சொல்லிரு" என்றார். அக்கா சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள்.

அக்காவின் கடை ரொம்ப வருஷம் நடந்தது. இன்று கடையும் இல்லை, கொட்டிலும் இல்லை. ஹன்சா வீட்டார் குஜராத்துக்கே போய்விட்டார்கள். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நேற்று மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மின்கருவியில் கிரீமை அடித்தாள். வாசலில் நின்ற நான் என்னையறியாமல் "மதி, மதி!" என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்; கிரீம் சரியான பதத்தில் நின்றது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

அந்தச் சொல்லைச் சொன்னவள் எங்கேயோ. அதைக் கேட்டுக் கையை நிறுத்தியவள் இல்லை.