பால்வாடிப் பலகையின் தேதி

குற்றாலத்தில் ஒவ்வோர் ஆண்டும் சாரல் எந்த நாளில் விழுந்தது என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருந்தது எங்கள் தெரு. மேற்கே மலை மறைந்து, காற்றோடு தூற்றல் முகத்தில் பட்டால் அன்றைய தேதியையும் கிழமையையும் குறித்துக்கொள்வேன். மூன்றாம் வகுப்பில், ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் தொடங்கிய வழக்கம் இது. "சாரல் விழுந்தது, சனிக்கிழமை" என்பது முதல் குறிப்பு. எழுபதுகளின் கடைசியில், ஆனி முடிந்து ஆடி பிறக்கவிருந்த வாரம். அதற்கு ஐந்து நாள் கழித்து வந்த வியாழக்கிழமையைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை. தேதி எனக்கு நன்றாகத் தெரியும். என் கையால் எழுதிய தேதி அது.

என் சித்தி, அம்மாவின் தங்கை, எங்கள் தெருக்கோடியில் இருந்த பால்வாடியில் டீச்சராக இருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் எங்கள் முன்னால் பேசமாட்டார்கள். முதல் ஆறு மாதம் அவள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே சாப்பிட்டாள். பால்வாடி வேலை கிடைத்த பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துக்கா" என்று அவள் அம்மாவிடம் கேட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வேலை அவளுக்கு என்னவாக இருந்தது என்பதை இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பால்வாடி ஓர் ஓட்டுக் கட்டடம். ஒரே அறை. மரப் பொம்மைகள் போட்ட தகரப் பெட்டி, கோதுமை ரவை மூட்டை, உப்புமா கிண்டும் அடுப்பு, முக்காலியில் சாய்த்து வைத்த ஒரு கரும்பலகை. ஓர் ஆயாவும் உண்டு. பதிவேட்டில் இருபத்திரண்டு பிள்ளைகள். தினமும் இருபதுக்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் பால்வாடியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

இதில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் சீசனில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள். அம்மாக்கள் சிப்ஸும் பழமும் துண்டும் விற்கப் போவார்கள். சாரல் விழுந்த மறுநாளே குடும்பத்தோடு குற்றாலத்தில் கூரை போட்டுத் தங்கிவிடுவார்கள். பால்வாடியில் ஆறேழு பிள்ளைகள் மிஞ்சும். ஆனால் மேலதிகாரிகள் பால்வாடிகளைப் பார்வையிட வருவதும் சரியாக அதே மாதத்தில்தான். சித்திரையில் எங்கள் பக்கம் தலைகாட்டாத ஜீப்புகள் எல்லாம் ஆடியில் குழந்தைகளின் கல்வி மேல் அக்கறை கொண்டு வந்து சேரும். ஜீப்பின் பின்சீட்டில் எண்ணெய்ப் பாட்டிலும் மாற்றுத்துணியும் இருக்கும்.

அதனால் சீசனில் பால்வாடிகள் பிள்ளைகளை இரவல் வாங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் சிறுத்த உடம்புக்காரர்களைப் பொறுக்கி, பொடிசுகளோடு உட்கார வைப்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். பார்வையிட வருகிற அம்மாளுக்கும் தெரியும். சித்தி மட்டும் அதுவரை இதைச் செய்ததில்லை. பதிவேட்டில் வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடவும் அவளுக்குக் கை வராது. அந்த வருடம் ஆபீசிலிருந்து புதன்கிழமை ஆள் வந்து, "நாளைக்கு ஆபீசரம்மா வருதாவ" என்று சொல்லிவிட்டுப் போனான். சித்தி அன்று சாயங்காலம் வெகுநேரம் அம்மாவோடு அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் எழுதியவள் என் அம்மா. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளும் அவள்தான்.

எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். எங்கள் வகுப்பில் தினமும் காலையில் கரும்பலகையின் வலது மேல்மூலையில் தேதி எழுதுகிறவள் நான். என் எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று டீச்சர் கொடுத்த உரிமை அது. அன்றைக்கு என் இடத்தில் இன்னொருத்தி எழுதியிருப்பாள். அவளுக்கு 'வி' எழுதினால் மேல்வளைவு கோணும். காலையிலிருந்து அது என்னை அரித்துக்கொண்டிருந்தது.

ஆயா எங்களைத் தயார் செய்தாள். இரவல் பிள்ளைகள் பதினைந்து பேர். எனக்குத் தம்பியின் டவுசரையும் பித்தான் இல்லாத சட்டையையும் மாட்டி, ரிப்பனை அவிழ்த்துவிட்டாள்.

"ஏட்டி, தலைக்கு மேல கையைக் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொன்னா என்ன செய்வ?"

தொட்டுக் காட்டினேன்.

"தொடப்பிடாதுட்டி, மூதி! தொட்டா ஒண்ணாம் கிளாஸுக்கு எடுத்துக்கிடுவாவ. எட்டாத மாதிரி மொழங்கையை மடக்கு. ஏலே, நீ என்ன இப்படி நேரா உக்காந்திருக்க? நாலு வயசுப் பய மாதிரியா இருக்கு? மூக்கை ஒழுக விடுலே."

பதினைந்து பேரும் காது எட்டாமல் இருக்கப் பழகினோம். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுக் குனிந்தாள்.

"என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். கேட்டியா?"

"எனக்கு எல்லாம் தெரியுமே சித்தி."

"அதான்ட்டி பயமா இருக்கு."

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசரம்மா இறங்கினார். அவர் பின்னாலேயே சஃபாரி சட்டை போட்ட ஒருவரும் இறங்கினார். திருநெல்வேலியிலிருந்து வந்த பெரிய அதிகாரி; அருவிக்குப் போகிற வழியில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடவே வந்துவிட்டாராம். சித்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆபீசரம்மாளின் முகமும் அப்படித்தான் இருந்தது.

பெரியவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தலைகளை விரலால் எண்ணினார். இருபத்திரண்டு. திருப்தியாகத் தலையாட்டினார். அசல் நாலு வயதுக்காரி ஒருத்தியைப் பாடச் சொன்னார். அவள் காக்காய்ப் பாட்டைப் பாதி பாடி மீதியை மறந்து விரலைச் சூப்பினாள். அதற்குக் கை தட்டினார். சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். பாதிப் பாட்டுக்கு ஒரு மிட்டாய். எனக்குப் பத்துப் பாட்டு முழுசாகத் தெரியும்.

"நல்லா நடத்துறீங்கம்மா" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், வாசலைப் பார்த்துத் திரும்பியும்விட்டார்.

அப்போதுதான் என் கண் கரும்பலகையில் நிலைத்தது. வலது மேல்மூலையில் சித்தியின் எழுத்தில் தேதி இருந்தது. கீழே 'வெள்ளி' என்று கிழமை. அன்று வியாழன். நாளையின் கிழமையைத்தான் தவறி எழுதிவிட்டாளோ என்று தேதியைப் பார்த்தேன். அது போன வாரத்து வெள்ளிக்கிழமை. ஆறு நாளாக யாரும் மாற்றவில்லை!

சித்தி மறந்துவிட்டாள், பெரிய ஆபீசர் பார்த்தால் திட்டுவார், அவர் திரும்புவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். நான் நினைத்தது இதுதான் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. மிட்டாயும், பள்ளிக்கூடத்தில் என் இடத்தில் நின்று எழுதியவளும் அதில் உண்டு.

எழுந்து போனேன். தம்பியின் சட்டை நுனியால் பழைய தேதியை அழித்தேன். முக்காலியின் கட்டையில் ஏறி நின்று, அன்றைய தேதி, மாதம், வருடம், கீழே 'வியாழக்கிழமை' என்று ஒரு வளைவுகூடக் கோணாமல் எழுதினேன். சுண்ணக்கட்டி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பெரியவர் திரும்பிவிட்டார்.

ஆயா, "அட பாவி மட்ட" என்று மெல்லச் சொன்னாள்.

பெரியவர் பக்கத்தில் வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கியே பாப்பா. எந்த கிளாஸ் படிக்கே?"

பள்ளியில் யார் கேட்டாலும் கை கட்டி நின்று சொல்லப் பழகியிருந்ததை அப்படியே சொன்னேன்.

"மூணாம் வகுப்பு, 'அ' பிரிவு, சார்."

அதன் பிறகு எல்லாம் அமைதியாகத்தான் நடந்தது. அவர் சத்தம் போடவில்லை. பதிவேட்டைக் கேட்டார். கடைசியாக நிரப்பியிருந்தது போன வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு கட்டங்கள் காலி. ஆபீசரம்மா முந்திக்கொண்டு சொன்னார்: "நான் வெள்ளிக்கிழமை வரும்போது எல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு." சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

எனக்கு மிட்டாய் கிடைத்தது. இரண்டு.

பத்து நாளில் பால்வாடியை மாற்றும் உத்தரவு வந்தது. தகரப் பெட்டியையும் பலகையையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புது ஊரில் வேறு டீச்சர். ஐப்பசியில் சித்தி பீடி சுற்றக் கற்றுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கைவிடப்பட்ட பெண்களுக்கு எப்போதும் திறந்திருந்த வேலை அது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து, இலை வெட்டிச் சுற்றி நூல் கட்டுவாள். மறுபடியும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடத் தொடங்கினாள். அவள் விரல்களில் முன்பு சுண்ணக்கட்டியின் வெள்ளை இருக்கும். இப்போது புகையிலை நாற்றம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய மனுஷி போல ஒருநாள் சொல்லவும் செய்தேன்:

"அன்னைக்கு நீ தேதியை மாத்த மறந்துட்ட சித்தி. அதான் எல்லாம்."

"ஆமாட்டி, மறந்துதான் போச்சு" என்றாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சில வருடங்களில் சத்துணவு வந்தது. பழைய பால்வாடி டீச்சர்கள் பலரை அதில் எடுத்துக்கொண்டார்கள். சித்தியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது, ஒரு சீசனில், ஐந்தருவிப் பாதையில் பழைய ஆயாவைப் பார்த்தேன். கூடையில் மங்குஸ்தான் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்ததும் சிரித்தாள்.

"ஏட்டி, தேதிக்காரி! ஒங்க சித்தி எப்படி இருக்கா?"

சொன்னேன். பழைய பேச்சு வந்தது. சித்தி தேதியை மறந்ததால் வந்த வினை என்றேன். ஆயா பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மறந்தாளா? யாரு சொன்னா? அது ரெண்டு பேரும் பேசி வச்ச தேதிட்டி. அந்த வெள்ளியில அத்தன பிள்ளையும் நெசமாவே வந்துச்சு. மறுநாள்தான சாரல் விழுந்துச்சு. ஆபீசரம்மா அந்த வெள்ளியில நம்ம பால்வாடிக்கு வந்ததா எழுதிட்டு வீட்டுல இருந்துட்டாவ. அந்தத் தேதியில கையெழுத்துப் போட்டுத் தாரேன், வெறும் ரூம்புக்குப் போட மாட்டேன், தலை மட்டும் இருக்கட்டும்னு அந்தப் புதன்கிழமை வந்த ஆள்கிட்ட சொல்லிவிட்டாவ. ஒங்க சித்திக்கும் அது தோதா இருந்துச்சு. ரிஜிஸ்டர்ல பொய்யா ஒரு கோடு போட வேண்டாம்லா? பலகையில தேதி மாறாம இருந்தாப் போதும்னா."

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். சாரல் விழுந்தது, சனிக்கிழமை. ஆயா சொன்னது சரியாக இருந்தது. கூடத்தில் சித்தி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்க வேண்டும் என்றுதான் போனேன். "என்னட்டி?" என்றாள். "ஒண்ணுமில்ல சித்தி" என்றேன். அதற்குப் பிறகு அவள் இருந்த அத்தனை வருடத்திலும் எனக்கு வாய் வரவில்லை.

எத்தனையோ தேதிகளை எழுதி வைத்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை நாங்கள் வீட்டுக்கு நடந்து வந்ததை மட்டும் எழுதாமலே நினைவில் வைத்திருக்கிறேன். தெருக் குழாயடியில் சித்தி என்னை நிறுத்தினாள். முந்தானையை நனைத்து, என் விரல்களில் ஒட்டியிருந்த சுண்ணத்தை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஜீப் குற்றாலத்தைப் பார்த்துப் போன சத்தம் தேய்ந்து மறைந்தது.

"எழுத்து மணிமணியா இருக்குட்டி" என்றாள்.

நான் வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, பொறுப்பாக அவளுக்கு நினைவூட்டினேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில போனதும் மொதல்ல தேதியை மாத்திரு சித்தி. மறந்துராத."

"மறக்க மாட்டேன்" என்றாள் சித்தி.