துப்பட்டாவில் வந்த தூள்

விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் ஷிபானா. அவள் கருவியில் மெல்லிய படலம் ஒன்று ஓயாமல் அதிரும். சொட்டுவிடும் திரவத்திலுள்ள புரதம் ஒட்டினால் எடை கூடி, அதிர்வு குறையும். அன்று சொட்டுவிடும் முன்பே குறைந்தது. கருவியைத் திட்டித் தீர்த்துவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தாள். படலத்தில் பட்டாசுக்குப் போடும் அலுமினியத்தூள்!

அவள் கணவன் இக்பால் திருத்தங்கலில் அந்தத் தூள்தான் விற்கிறான். காலையில் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது அவள் துப்பட்டாவில் ஒட்டியிருக்கிறது.

மாலையில் அவனைப் பிடித்துக்கொண்டாள். “ஒங்க கடைத்தூளு எங்க மெஷின்ல ஒக்காந்திருக்கு!”

“கடையிலயே குளிச்சுட்டுத்தான வாரேன்? எங்கன இருக்கு?” என்று கைகளை விரித்தான். சுத்தமாகத்தான் இருந்தன.

“குளிச்சுட்டு அதே சட்டையத்தான மாட்டுறீக?”

அதற்குள் மகள் மஹ்ரீன் ஓடிவந்து அந்தச் சட்டையில் முகம் புதைத்தாள். “அத்தா வாசம்” என்று ஆழமாக மூச்சை இழுத்தாள்.