கரும்பலகையில் எழுதிய பங்கு விலை

குழந்தைக்கென்று வைத்திருப்பதை விற்பதா, வைத்திருப்பதா என்று யார் சொன்னால் நம்பலாம்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகள் பிறந்தபோது, ராஜபாளையத்தில் பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருந்த என் அப்பா அவளுக்குச் சங்கிலி போடவில்லை. உள்ளூர் மில் ஒன்றின் பங்குகளை அவளுக்காக என் பெயரில் வாங்கித் தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் புகுந்த வீட்டில் அது பெரிய பேச்சாயிற்று.

"மதினி, பாப்பா கழுத்துல உங்க அப்பா காகிதத்தையா தொங்கவிடச் சொல்லுதாரு?" என்றாள் நாத்தனார். நான் சிரித்து வைத்தேன். ஆனால் பீரோவைத் திறக்கும்போதெல்லாம், அப்பா செய்தது சரிதானா என்று தோன்றும்.

தொண்ணூற்றைந்தில் ராஜபாளையத்துப் பங்குத் தரகர் அலுவலகம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கம்பெனியின் பெயரைத் தட்டினால் போதும். பம்பாயிலும் சென்னையிலும் இருக்கும் நிபுணர்கள் அந்தப் பங்கை வாங்கச் சொல்கிறார்களா, வைத்திருக்கச் சொல்கிறார்களா, விற்கச் சொல்கிறார்களா, எந்த விலைக்குப் போகும் என்கிறார்கள் என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். புதிய விவரங்கள் வாராவாரம் மதுரையிலிருந்து பிளாப்பித் தட்டில் பஸ் ஏறி வரும். உள்ளூர் மில்களுக்கு நிபுணர்கள் சொன்ன விலையை அலுவலக வாசலில் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கரும்பலகைக்கென்று ஒரு மரியாதை உண்டு. கமிஷன் கடைப் பலகையில் காலையில் ஒரு விலையை எழுதிவிட்டால், சாயங்காலம் வரை அந்த விலைக்குப் பஞ்சு எடுத்தே ஆக வேண்டும். மகாராஜபுரத்திலிருந்து வண்டி கட்டி வருகிறவர் அதை நம்பித்தான் மூட்டையை இறக்குவார். எழுதிவிட்டுப் பின்வாங்கிய கடைக்கு அடுத்த நாள் யாரும் போக மாட்டார்கள்.

ஒருநாள் என் கணவர் அந்தத் தரகர் வாசலைத் தாண்டி வந்திருக்கிறார். "நம்ம மில்லுக்கு எம்புட்டு போட்டிருக்கான் தெரியுமா? உங்க அப்பா வாங்கினதைப் போல மூணு மடங்கு. நாளைக்கே கொடுத்துட்டு, பணத்தைப் பாப்பா பேர்ல பாங்குல போட்ரு. இறங்கிட்டா பொறவு அழுது என்ன செய்ய?"

மறுநாள் மகளை இடுப்பிலும் பங்குப் பத்திரங்களை மஞ்சள் பையிலுமாகச் சுமந்துகொண்டு ராஜபாளையத்தில் போய் இறங்கினேன். அலுவலகத்தில் வியாபாரிகள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். "பலகையில போட்டிருக்கிற விலைக்கு எடுத்துக்கோங்க" என்று பத்திரங்களை நீட்டினேன்.

"காலையில இருந்து எல்லாரும் இதையேதான் கேக்காக அக்கா. அது இன்னிக்கு விலை இல்ல. ஒரு வருசத்துல அந்த விலைக்குப் போகும்னு நிபுணருங்க நினைக்காக. இன்னிக்கு வித்தா அதுல பாதிக்கு மேல கொஞ்சம் வரும்."

பெஞ்சிலிருந்த பஞ்சு வியாபாரி ஒருவர், "அப்ப எதுக்கும்மா பலகையில எழுதுதீக? நான் நினைக்கிற விலையை எல்லாம் என் கடையில எழுதிப் போட்டா, பஞ்சு விளைவிச்சுக் கொண்டுவார சம்சாரி என்னைய உரிச்சிர மாட்டானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முகம் சுட்டது. கிளம்பிவிடலாமா என்று ஒரு மனம். ஆனாலும், "செத்த நேரம் அந்தத் திரையைக் காட்டும்மா" என்றேன்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் எங்கள் ஊர் மில்லின் பெயர். பரீட்சை முடிவு பார்ப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். நான்கு நிபுணர்கள். இருவர் வாங்கச் சொன்னார்கள். ஒருவர் வைத்திருக்கச் சொன்னார். ஒருவர் விற்றுவிடச் சொன்னார். நால்வரும் நான்கு விலை சொல்லியிருந்தார்கள்; பலகையில் எழுதியிருந்தது அவற்றில் மிக உயர்ந்தது. இத்தனையையும் நானே படித்துவிட முடிகிறதே என்று உடம்பெல்லாம் பரபரத்தது.

"போன வருசம் இவிய சொன்னது இருக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கு. யாரும் கேட்டதில்ல."

அவள் தட்டத் தட்ட, வியாபாரிகள் எழுந்து வந்து எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். போன வருடம் சொன்னவர்களில் ஒருவர் கணக்கு மட்டும் ஏறக்குறைய பலித்திருந்தது. இப்போது விற்கச் சொல்பவர்தான் அவர்.

"அப்ப இந்த ஆளு சொல்லுததைக் கேட்டு வித்துரணும்" என்றார் ஒருவர்.

"ஏலே, ஒரு தரம் மழை வரும்னு சரியாச் சொன்னான்னு, அவன் சொல்லும்போதெல்லாம் குடையை விரிப்பியா?" என்றார் பஞ்சு வியாபாரி.

அந்தச் சச்சரவுக்கு நடுவே அவள் விற்பனைத் தாளை என் பக்கம் தள்ளினாள். பேனாவைத் திறந்தேன், மூடினேன். "அடுத்த பிளாப்பி வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் மகளிடம் அந்த நால்வரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், அவள் தூங்கிப்போனாள்.

"விக்கத்தானே போனே?" என்றார் கணவர். பிறகு, "சரி, நீயே பாத்துக்கோ" என்று விட்டுவிட்டார். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு பலமுறை போய்ப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் திரையில் வரும்போது அதே பரபரப்பு. விலை இதுவரை பெரிதாக ஏறவுமில்லை, விழவுமில்லை. விற்கச் சொன்னவர் இன்னும் விற்கத்தான் சொல்கிறார். மற்ற மூவரும் இப்போது வாங்கச் சொல்கிறார்கள். மகள் வரும் ஜூனில் பள்ளியில் சேருகிறாள். கையெழுத்து என்னுடையது, பங்கு அவளுடையது. இதைப் படிக்கும் உங்களில் யாராவது பிள்ளைகளுக்காகப் பங்கு வைத்திருந்தால் சொல்லுங்கள்: ஒரு முறை சரியாகச் சொன்ன அந்த ஒருவரைக் கேட்பதா, மூன்று பேரைக் கேட்பதா? நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.